ஒன்றரைத் திட்ட விலக்கத்துக்குள் எத்தனை பேர்?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு சேவை மையத்தில் ஒரு மாதத்தில் 1300 பேர் டோக்கன் எடுத்துக் காத்திருக்கிறார்கள். மாத அறிக்கையில் இரண்டே எண்கள்தான் இருக்கின்றன: காத்திருந்த நேரத்தின் சராசரி 12 நிமிடம், திட்ட விலக்கம், அதாவது நேரங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு, 9 நிமிடம். சராசரிக்கு இரு பக்கமும் 1.5 திட்ட விலக்கத்துக்குள் எத்தனை சதவீதம் பேர் வருவார்கள் என்று மேலாளர் கேட்டிருக்கிறார். உங்கள் கல்லூரிப் புத்தகத்தில் 1, 2, 3 திட்ட விலக்கத்துக்கு மட்டும் 68, 95, 99.7 சதவீதம் என்று போட்டிருக்கிறது, 1.5-க்கு எதுவும் இல்லை. கூட வேலை பார்க்கும் நண்பர் செபிஷேவ் சூத்திரத்தைப் போட்டு 55.6% என்கிறார். புத்தக வழியா, நண்பரின் வழியா, எதை எழுதிக் கொடுப்பது?

மேலோட்டமாகப் பார்த்தால் 1.5-க்கு உரிய எண் எது என்ற கேள்வி. ஆனால் நீங்கள் கேட்பது அதைவிடப் பெரிய விஷயம். தரவு கையில் இல்லை, அது எப்படிப் பரவியிருக்கிறது என்றும் தெரியாது. சராசரியையும் திட்ட விலக்கத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் பேசலாம்? பல வருஷம் எந்திர உதிரிபாகத் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாடு பார்த்துவிட்டு இப்போது மாலை வகுப்புகளில் புள்ளியியல் எடுக்கிறேன். இரண்டு இடத்திலும் நான் சொல்லி வந்தது ஒன்றுதான்: அந்த இரண்டு எண்களும் ஒரு உத்தரவாதத்தைத் தரும், சதவீதத்தைத் தராது. சதவீதம் பரவலின் வடிவத்திலிருந்து வருகிறது. வடிவத்தைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுக்கு விடை இறுகிக்கொண்டே போகும். உங்கள் கேள்வியிலேயே அதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

புத்தக வழியை முதலில் முடித்துவிடுவோம். தரவு இயல்நிலைப் பரவலில், அதாவது மணி வடிவ வளைகோட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 1.5-க்கு விடை 86.64%. இயல்நிலை அட்டவணையில் 1.5-க்கு எதிரே 0.4332 என்று இருந்தால் அது சராசரியிலிருந்து ஒரு பக்கம் மட்டும் உள்ள பரப்பு, இரட்டித்தால் 0.8664. சில அட்டவணைகளில் 0.9332 என்று இருக்கும். அது இடது கோடியிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்த பரப்பு, அதை இரட்டித்து 1 கழிக்க வேண்டும். எந்த வகை அட்டவணை என்று பார்க்காமல் எடுத்து எழுதுவதால்தான் தேர்வில் பாதி மதிப்பெண் போகிறது. இன்னொரு பொறி, 68-க்கும் 95-க்கும் நடுவில் 1.5 இருக்கிறதே என்று இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவது. அப்படிச் செய்தால் கிட்டத்தட்ட 82% வரும். வளைகோடு நடுவில் உயரமாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருப்பதால் 1-லிருந்து 1.5 வரையுள்ள துண்டில் 1.5-லிருந்து 2 வரையுள்ள துண்டைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். நேர்க்கோட்டுக் கணக்கு இங்கே செல்லாது.

அந்த 68 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் எல்லையும் தெரியும். 1733-ல் லண்டனில் இருந்த கணித அறிஞர் டி முவாவ்ர் நாணயம் சுண்டுவது போன்ற சோதனைகளுக்குக் கணக்குப் போட்டார். 3600 முறை செய்தால் சரிபாதி 1800; விடை 1770-க்கும் 1830-க்கும் நடுவில் விழும் வாய்ப்பு 0.682688 என்று எழுதினார். அந்த 30-தான் இன்றைய பேச்சில் ஒரு திட்ட விலக்கம். அந்தப் பெயரையே புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் 1890-களில்தான் வைத்தார். ஆக 68 என்பது ஒன்றையொன்று பாதிக்காத பல சின்னச் சின்னத் தற்செயல்கள் கூடி வரும் அளவுக்கு உரிய எண். அப்படி வராத அளவுக்கு அது பொருந்த வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

பொருந்தும் இடத்தில் நன்றாகவே பொருந்தும். பெல்ஜியத்தின் புள்ளியியல் அறிஞர் குவெட்லே 1846-ல் அச்சிட்ட ஒரு புகழ்பெற்ற அட்டவணை உண்டு: 5738 ஸ்காட்லாந்துச் சிப்பாய்களின் மார்புச் சுற்றளவு, 33 அங்குலத்திலிருந்து 48 அங்குலம் வரை, முழு அங்குலங்களில். அதை உட்கார்ந்து கணக்கிட்டால் சராசரி 39.83, திட்ட விலக்கம் 2.05. ஒரு விலக்கத்துக்குள் வருவது 38, 39, 40, 41 அங்குலக்காரர்கள். மொத்தம் 3835 பேர், 66.8%. இரண்டுக்குள் 5468 பேர், 95.3%. மூன்றுக்குள் 5709 பேர், 99.5%. முதல் எண் 68.3-க்குக் கொஞ்சம் குறைவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் முழு அங்குலமாக்கியதுதான், எல்லை 37.78 என்று வந்தால் 38 அங்குலக்காரர்கள் மொத்தமாக உள்ளே வருவார்கள், 37 அங்குலக்காரர்கள் மொத்தமாக வெளியே போவார்கள், துண்டாக்க முடியாது. மூன்றாவது எண்ணில் மட்டும் ஓரம் கொஞ்சம் தடித்திருக்கிறது: வெளியே 15 அல்லது 16 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 29 பேர். மனித உடல் அளவு என்ற, இயல்நிலைப் பரவலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காத இடத்திலேயே 3-க்கு அப்பால் புத்தக எண் இரட்டிப்பாகத் தவறுகிறது. இதை மனதில் வையுங்கள், கீழே வேலைக்கு வரும்.

இப்போது உங்கள் காத்திருப்பு நேரம். இது இயல்நிலைப் பரவல் இல்லை என்பதற்குத் தரவே வேண்டாம், உங்கள் இரண்டு எண்களே போதும். சராசரி 12, விலக்கம் 9 என்றால் சுழியம் என்பது சராசரிக்குக் கீழே 1.33 விலக்கம். இயல்நிலைப் பரவலில் அதற்கும் கீழே 9.1% பேர் இருக்க வேண்டும். 1300-ல் 119 பேர். அதாவது 119 வாடிக்கையாளர்கள் டோக்கன் எடுப்பதற்கு முன்பே வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்! எதிர்மறையாக இருக்கவே முடியாத ஒரு அளவில் திட்ட விலக்கம் சராசரியில் பாதிக்கு மேல் இருந்தால் மணி வடிவத்தை உடனே மறந்துவிடலாம் என்பது நான் வகுப்பில் சொல்லும் முதல் சோதனை. சம்பளம், காத்திருப்பு நேரம், மருத்துவமனையில் தங்கிய நாட்கள், பழுதுக்கும் பழுதுக்கும் இடையிலான நேரம் எல்லாம் இதில் மாட்டும்.

அப்படியானால் உங்கள் நண்பர் சொன்னது சரியா? சரி, ஆனால் அவர் சொன்னது வேறு ஒரு கேள்விக்கான விடை. பிரான்சில் பியேனெமே 1853-லும் ரஷ்யாவில் செபிஷேவ் 1867-லும் வெளியிட்ட அந்த அசமன்பாடு எந்தப் பரவலுக்கும் செல்லும். அதன் தர்க்கத்தை உங்கள் எண்களிலேயே காட்டுகிறேன், சூத்திரமே வேண்டாம். திட்ட விலக்கம் 9 என்றால், ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து விலகி நிற்கும் தூரத்தின் வர்க்கங்களுடைய சராசரி 81. 1300 பேருக்கும் கூட்டினால் 105300. இதுதான் மொத்தக் கையிருப்பு. 1.5 விலக்கம் என்பது 13.5 நிமிடம், அதற்கு வெளியே நிற்கும் ஒவ்வொருவரும் இந்தக் கையிருப்பிலிருந்து குறைந்தது 13.5-ன் வர்க்கமான 182.25-ஐ எடுத்துக்கொள்வார். 105300-ஐ 182.25-ஆல் வகுத்தால் 577 சொச்சம். ஆக 577 பேருக்கு மேல் வெளியே நிற்கக் கையிருப்பு இல்லை. உள்ளே குறைந்தது 723 பேர், அதுதான் 55.6%. இதில் எந்த ஊகமும் இல்லை. சராசரியும் விலக்கமும் சரியாகக் கணக்கிடப்பட்டிருந்தால் இது தப்பவே தப்பாது. ஆனால் "குறைந்தது" என்ற சொல்லை எடுத்துவிட்டு "55.6% பேர்" என்று எழுதினால் அது பொய். அவர் தந்தது தரை, உண்மை அதற்கு எவ்வளவு மேலே என்று அது சொல்லாது.

அந்தத் தரையை உயர்த்தலாம். 1.5 விலக்கம் கீழே போனால் 12-லிருந்து 13.5-ஐக் கழிக்க வேண்டும், மைனஸ் 1.5 நிமிடம். அங்கே யாரும் இருக்க முடியாது. ஆகவே வெளியே நிற்பவர்கள் எல்லாரும் மேல் பக்கம்தான், 25.5 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தவர்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் பேசும் அசமன்பாடு ஒன்று கான்டெல்லி பெயரில் இருக்கிறது: மேலே நிற்பவர்களின் பங்கு, 1-ஐ, 1 கூட்டல் மடங்கின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதைத் தாண்டாது. இங்கே மடங்கு 1.5, அதன் வர்க்கம் 2.25, ஆகவே 1-ஐ 3.25-ஆல் வகுக்க வேண்டும், 30.8%. ஆக உள்ளே குறைந்தது 69.2%, அதாவது 900 பேர். காத்திருப்பு நேரம் சுழியத்துக்குக் கீழே போகாது என்ற ஒரே ஒரு பொது அறிவைச் சேர்த்ததில் 723 என்பது 900 ஆகிவிட்டது. உங்கள் நண்பர் இந்தப் படியை விட்டுவிட்டார்.

இந்த 900-ஐ இதற்கு மேல் ஊகம் இல்லாமல் உயர்த்த முடியாது என்பதையும் காட்டிவிடலாம். 900 பேர் சரியாக 6 நிமிடமும் 400 பேர் சரியாக 25.5 நிமிடமும் காத்திருந்தார்கள் என்று வையுங்கள். சராசரி 12 வரும், திட்ட விலக்கம் 9 வரும், கணக்கிட்டுப் பாருங்கள். அந்த 400 பேரும் எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறார்கள். கொஞ்சம் தள்ளினால் வெளியே போய்விடுவார்கள். கற்பனை என்று தோன்றும். ஆனால் ஒரு கவுண்டரில் சாதாரண வேலை, இன்னொரு கவுண்டரில் ஆவணச் சரிபார்ப்பு என்று இரண்டு வரிசை இருக்கும் மையத்தில் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். உங்கள் மையத்தில் எத்தனை வகை வேலை ஒரே டோக்கன் கணக்கில் சேர்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. அது முக்கியம்.

ஒரே வகை வேலைதான், பரவலின் வளைகோட்டுக்கு ஒரு மேடுதான், அதாவது ஒரே உச்சிதான் என்று வைத்துக்கொள்ளலாம் என்றால் தரை இன்னும் உயரும். ஒற்றை மேடு உள்ள பரவல்களுக்கு 1980-ல் விசோசான்ஸ்கியும் பெட்டூனினும் செபிஷேவைவிட இறுக்கமான ஒரு வரம்பைத் தந்தார்கள்: 2 விலக்கத்துக்குள் 75% என்பது 88.9% ஆகும், 3-க்குள் 88.9% என்பது 95.1% ஆகும். அதன் ஒருபக்க வடிவத்தை உங்கள் 1.5-க்குப் போட்டால் மேலே நிற்பவர்கள் 13.7%-ஐத் தாண்ட மாட்டார்கள். உள்ளே குறைந்தது 86.3%. இயல்நிலைப் பரவலின் 86.64-க்கு இது இவ்வளவு அருகில் வந்தது தற்செயல், அதில் பொருள் தேட வேண்டாம். இது தரை, அது மதிப்பீடு. அதோடு "ஒரு மேடு" என்பது நீங்கள் சேர்க்கும் ஊகம். தரவைப் பார்க்காமல் அதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தரை போதும், ஒரு மதிப்பீடு சொல் என்றால் சொல்கிறேன். காத்திருப்பு நேரத்துக்கு வழக்கமாகப் போட்டுப் பார்ப்பது காமா பரவல், அல்லது லாக்நார்மல் பரவல். இரண்டுமே சுழியத்தில் தொடங்கி, சீக்கிரம் உச்சிக்குப் போய், வலப்பக்கம் நீளமாக வால் விடும். சராசரி 12, விலக்கம் 9 என்று பொருத்தினால் 25.5 நிமிடத்துக்குள் வருபவர்கள் காமாவில் ஏறத்தாழ 91.7%, லாக்நார்மலில் 92.8%. இரண்டு வேறு வளைகோடுகள் ஒரு சதவீத வித்தியாசத்தில் ஒத்துப்போவதால் சுமார் 92%, 1200 பேருக்குச் சற்றுக் குறைவு என்று எழுதத் துணிவேன், ஒற்றை மேடு என்ற நிபந்தனையோடு. மணி வடிவக் கணக்கு தந்த 86.6%-ஐவிட இது அதிகம் என்பதைக் கவனியுங்கள். கீழ்ப்பக்கம் ஆளே இல்லை என்பதுதான் காரணம்.

இங்கே ஒரு சுவையான விஷயம் இருக்கிறது, பாடப்புத்தகங்கள் இதைப் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். 68, 95, 99.7 மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறோம், ஆனால் மூன்றும் ஒரே அளவுக்கு நம்பத் தகுந்தவை அல்ல. நடுவில் உள்ள 95 மட்டும் ஆச்சரியமான அளவுக்கு உறுதியானது. அடுக்குக்குறிப் பரவல் என்ற, இயல்நிலைக்குக் கொஞ்சமும் ஒப்பில்லாத, ஒரேயடியாக வலப்பக்கம் சரியும் பரவலை எடுங்கள்: 2 விலக்கத்துக்குள் 95.0%. இரு பக்கமும் கூர்மையாக இறங்கும் லாப்லாஸ் பரவலில் 94.1%. உங்கள் காத்திருப்பு நேரத்துக்கு மேலே சொன்ன காமாவிலும் லாக்நார்மலிலும் 2-க்கு 95-ஐ ஒட்டியே வருகிறது. ஆனால் 1 விலக்கத்துக்குப் போனால் கதையே வேறு: இயல்நிலையில் 68.3%, அடுக்குக்குறியில் 86.5%, லாப்லாஸில் 75.7%, எல்லா மதிப்பும் சமமாக வரும் சீரான பரவலில் 57.7%. 3-க்குப் போனால் சதவீதங்கள் பார்க்க நெருக்கமாக இருக்கும், ஆனால் வெளியே நிற்பவர்களை எண்ணுங்கள்: இயல்நிலையில் 10000-க்கு 27 பேர், லாப்லாஸில் 144 பேர், அடுக்குக்குறியில் 183 பேர். ஐந்து மடங்கு, ஏழு மடங்கு வித்தியாசம். ஆக ஒற்றை மேடுள்ள தரவில் "2-க்குள் 95" என்று வாய்க்கணக்காகச் சொல்வதில் பெரிய பாவம் இல்லை. 1-க்கும் 3-க்கும் அந்தச் சலுகை கிடையாது.

பட்டறையில் இது அன்றாடம் காணும் சங்கதி. லேத்தில் தண்டு கடையும்போது டூல் தேயத் தேய விட்டம் மெல்ல ஏறிக்கொண்டே போகும். குறிப்பிட்ட அளவு வந்ததும் ஆபரேட்டர் டூலைச் சரிசெய்து மறுபடி கீழிருந்து தொடங்குவார். அந்த ஒரு நாள் உற்பத்தியை மொத்தமாக அளந்தால் கிட்டத்தட்ட சீரான பரவல் கிடைக்கும். ஒரு சிக்மாவுக்குள் (பட்டறையில் திட்ட விலக்கத்தை அப்படித்தான் சொல்வோம்) 58% அளவில்தான் இருக்கும், ஆனால் 1.73 சிக்மாவுக்கு வெளியே ஒன்றுகூட இருக்காது. இதற்கு 99.7 கணக்குப் போட்டால் இல்லாத கழிவுக்காகப் பயப்படுவோம். இன்னொன்று, இரண்டு எந்திரங்களின் உதிரிபாகங்கள் ஒரே பெட்டியில் கலந்து வருவது. ஒன்று கொஞ்சம் பெரிதாகவும் ஒன்று கொஞ்சம் சிறிதாகவும் கடைந்தால் சராசரியை ஒட்டி ஒரு உதிரிபாகமும் இல்லாமல் போகலாம். "சராசரித் தண்டு" என்று ஒன்றே பெட்டியில் இருக்காது. இரண்டு நிலைமையிலும் சராசரியும் விலக்கமும் ஒன்றாகவே இருக்க முடியும். தாளில் இரண்டு எண் மட்டும் வந்தால் எது எது என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது.

ஓரத்தில் ஏமாறுவதற்குப் பங்குச் சந்தையைவிட நல்ல சாட்சி வேண்டாம். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13% சரிந்தது. அமைதியான காலத்தின் தினசரி விலக்கம் 1% அளவில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு மணி வடிவத்தில் கணக்கிட்டால், பிரபஞ்சத்தின் வயதைப் பல கோடி மடங்கு பெருக்கினாலும் அப்படி ஒரு நாள் வரக் கூடாது. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் 22.6% விழுந்தது. வேடிக்கை என்னவென்றால் இப்படிப்பட்ட தடித்த வால் உள்ள தரவில் ஒரு விலக்கத்துக்குள் 68%-க்கு மேல்தான் இருக்கும். பெரும்பாலான நாட்கள் மிக அமைதியாகவும் சில நாட்கள் பயங்கரமாகவும் இருக்கும். நடுவைப் பார்த்து ஓரத்தைக் கணிப்பவன் அங்கேதான் மாட்டுகிறான்.

அப்படியானால் தொழிற்சாலைகளில் 3 சிக்மா எல்லை போடுகிறார்களே, அது எப்படி என்று கேட்கலாம். ஷூவார்ட் என்பவர் 1924-ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில், அளவுகள் எல்லை தாண்டுகின்றனவா என்று பார்க்கும் கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கொண்டுவந்தபோது 99.7%-ஐ நம்பி 3-ஐத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த வடிவமாக இருந்தாலும் 3-க்கு வெளியே போவது அரிது. அப்படிப் போனால் நின்று காரணம் தேடுவது செலவுக்குக் கட்டுபடியாகும். அனுபவத்தில் வந்த பொருளாதாரக் கணக்கு அது. அதனால்தான் வடிவம் கொஞ்சம் மாறினாலும் அது வேலை செய்கிறது. அதே போல "சிக்ஸ் சிக்மா" என்ற தரக்கட்டுப்பாட்டு முறை என்றால் பத்து லட்சத்துக்கு 3.4 குறை என்று பயிற்சியில் சொல்வார்கள். 6-க்கு அட்டவணையைப் பார்த்தால் அந்த எண் வராது, நூறு கோடிக்கு 2 அளவில்தான் வரும். நாள்போக்கில் சராசரி 1.5 சிக்மா நகரும் என்று வைத்து, அதை 6-லிருந்து கழித்து, 4.5-க்கு ஒரு பக்கம் மட்டும் எடுத்த எண் அந்த 3.4. இதை அறியாமல் அட்டவணையோடு மல்லுக்கட்டியவர்கள் நிறைய.

தரவு குறைவாக இருந்தால் இன்னொரு சிக்கல் சேரும். உங்களுக்கு 1300 பேர் என்பதால் இது பெரிதில்லை, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். 10 அளவீடுகளை எடுத்து, அதிலிருந்தே சராசரியும் விலக்கமும் கணக்கிட்டு, இரு பக்கமும் 2 விலக்கம் போட்டால், அடுத்து வரும் அளவீடு அதற்குள் விழும் வாய்ப்பு 95% இல்லை, தரவு உண்மையிலேயே இயல்நிலையாக இருந்தாலும் சுமார் 91%தான். "மொத்த உற்பத்தியில் 95% இந்த எல்லைக்குள்" என்று 95% உறுதியோடு சொல்ல வேண்டுமானால் 10 அளவீட்டுக்கு 2 போதாது, கிட்டத்தட்ட 3.4 விலக்கம் வைக்க வேண்டும். அப்புறம், 10 அளவீடுகளில் "3 விலக்கத்துக்கு வெளியே போனால் தூக்கி எறி" என்று விதி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 10 எண்களில் ஒரு எண் எவ்வளவு விலகியிருந்தாலும் அது 2.85 விலக்கத்தைத் தாண்டவே முடியாது, ஏனென்றால் அந்த எண்ணே விலக்கத்தையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது. ஒன்பது எண்கள் 5 என்றும் பத்தாவது பத்து லட்சம் என்றும் இருந்தாலும் அந்த விதி ஒன்றையும் பிடிக்காது.

கேள்விக்கு வந்த மற்ற பதில்களில் ஒருவர் 11.5-லிருந்து 12.5 நிமிடம் வரை 95% என்று எழுதியிருக்கிறார். அவர் சராசரியின் பிழையளவைப் போட்டுவிட்டார். 9-ஐ 1300-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.25, அதை இரட்டித்து இரு பக்கமும் வைத்திருக்கிறார். அது "உண்மையான நீண்டகாலச் சராசரி எங்கே இருக்கலாம்" என்பதற்கு விடை. வாடிக்கையாளர்களில் 95% பேர் அந்த ஒரு நிமிட இடைவெளியில் இருக்கிறார்கள் என்று பொருள் இல்லை. அதில் ஒரு சின்னப் பங்குதான் இருக்கும்.

சரி, மேலாளருக்கு என்ன எழுதுவது? நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 25.5 நிமிடத்துக்குள் சேவை பெற்றவர்கள் எப்படிப் பார்த்தாலும் 69%-க்குக் குறைய மாட்டார்கள்; எல்லாரும் ஒரே வகை வரிசையில் இருந்தவர்கள் என்றால் 92% அளவில் இருக்கலாம்; இறுதி எண் டோக்கன் பதிவுகளை எண்ணிய பிறகு தரப்படும். தேர்வில் இதே கணக்கு வந்தால் கேள்வித்தாளில் உள்ள சொற்களைப் பாருங்கள். "இயல்நிலைப் பரவல்" என்று கொடுத்திருந்தால் 86.64, "எந்தப் பரவலாயினும்" என்று இருந்தால் குறைந்தபட்சம் 55.6. அங்கே போய் என் கான்டெல்லிக் கதையை எழுத வேண்டாம்.

எண்ணுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. டோக்கன் எந்திரத்தின் பதிவு எங்காவது ஒரு எக்செல் கோப்பாக இருக்கும், ஒரு கவுன்ட்இஃப் சூத்திரத்தில் முடிந்துவிடும். கோப்பைத் தர மறுத்தால் அறிக்கை தயாரித்தவரிடம் இன்னும் ஒரே ஒரு எண்ணையாவது கேளுங்கள்: அந்த மாதத்தின் மிக நீண்ட காத்திருப்பு எவ்வளவு? அது 50, 60 நிமிடம் என்றால் மேலே சொன்ன மதிப்பீடு தாங்கும். 300 நிமிடம் என்று ஒன்று வந்தால், யாரோ சாப்பாட்டு நேரத்தில் ஒரு டோக்கனை மூடாமல் போயிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். கையிருப்பில் இருந்த 105300-ல் அந்த ஒரு டோக்கனே 82944-ஐ விழுங்கியிருக்கும். அதை நீக்கிக் கணக்கிட்டால் சராசரி 11.8-க்கு வரும், திட்ட விலக்கம் 9-லிருந்து 4.1-க்கு இறங்கிவிடும். அப்போது 1.5 விலக்கத்தின் எல்லையே 5.6-லிருந்து 18 நிமிடம் வரை என்று மாறிப்போகும், நான் இதுவரை போட்ட எல்லாக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.